‘நான்’ என்பதில் ஆண்பால் பெண்பால் இல்லை

ஜெயங்கொண்டத்தில் 1984-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி. 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அவர் பெரம்பலூர் மாவட்டத்துக்காரர் ஆனார். 2001 ஜனவரியில் அரியலூர் பிரிந்தது. அரியலூர் மாவட்டத்துக்காரர் ஆனார். அடுத்த வருஷமே இரண்டையும் சேர்த்துவிட்டார்கள், திரும்பவும் பெரம்பலூர். 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். இத்தனைக்கும் அவர் குடியிருந்த வீடு ஓர் அடிகூட நகரவில்லை. ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று மாவட்டப் பெயர் மாறி மாறி நின்றாலும், “நீ நிஜமாகவே எந்த மாவட்டம்? நிரூபி” என்று யாரும் அவரை நடு ரோட்டில் நிறுத்திக் கேட்டதில்லை.

அதே ஊரில் ஒரு பிள்ளை, பள்ளிச் சான்றிதழில் ‘ஆண்’ என்று போட்டிருக்கிறது, ஆனால் தன்னை அப்படி உணரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அல்லது ‘பெண்’ என்று போட்டிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல் வேறு யாருக்கோ எழுதியதுபோல இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் ஊரே கேட்கும். தெருவில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் கேட்பார்கள். கேட்காதவர்கள் அவர்களாகவே ஒரு பெயரை வைத்துவிடுவார்கள்.

ஒருவர் தன்னை என்ன சொல்லி அழைத்துக்கொள்வது என்பதை யார் முடிவு செய்வது? பார்க்கச் சின்னக் கேள்விதான். படிப்பு, வேலை, கல்யாணம், சொத்து, சில நேரம் உயிர்கூட அதில்தான் தொங்குகிறது.

தமிழ் சொல்லும் விஷயம்

தமிழில் ஒரு வசதி உண்டு. தினமும் பேசுவதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. ‘அவன் வந்தான்’, ‘அவள் வந்தாள்’ என்று மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது வினையிலேயே பால் ஒட்டிக்கொள்கிறது. ஆனால், ‘நான் வந்தேன்’ என்று சொல்லும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். இந்தியில் ‘நான் போகிறேன்’ என்பதையே ஆண் ஒரு மாதிரியும் பெண் ஒரு மாதிரியும் சொல்ல வேண்டும். வாயைத் திறந்ததும் பால் தெரிந்துவிடும். தமிழில் தன்னைப் பற்றிப் பேசுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அடுத்தவர் அவரைப் பற்றிப் பேசும்போதுதான் சிக்கலே தொடங்குகிறது.

பழைய இலக்கணக்காரர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. தொல்காப்பியத்திலேயே இதற்கு இடம் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூலில் ‘பேடு’ பற்றி ஒரு நூற்பா இருக்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டு அதற்கு மாறாக விரும்புகிறவரைப் பெண்பாலாகவும் சொல்லலாம் என்பது அதன் கருத்து. உடம்பைச் சோதித்துப் பார்த்துச் சொல் என்று அது சொல்லவில்லை. ஒருவர் எதை அவாவுகிறாரோ, அதாவது எதை விரும்புகிறாரோ, அதைப் பார்த்துச் சொல் என்கிறது. எழுநூறு, எண்ணூறு வருஷங்களுக்கு முந்தைய இலக்கணம் இது.

ஆனால், அதே நூற்பா கடைசியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறது. இவர்களை அஃறிணைபோலச் சொல்வதும் உண்டாம். ‘அது வந்தது, அது போச்சு’ என்று தெருவில் இன்றைக்கும் காதில் விழும் பேச்சு அன்றைக்கே இருந்திருக்கிறது. மரியாதையும் அவமரியாதையும் ஒரே நூற்பாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பது பேசுகிறவர் கையில்.

சொற்கள் மாறிய கதை

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடல்களில் பேடிக்கோலத்தில் ஆடுவதும் ஒன்று. பிறகு வந்த காலத்தில் ‘அலி’ என்ற சொல் பரவியது. அதற்கும் பிறகு ஓர் எண்ணைச் சொல்லிக் கேலி செய்யும் வழக்கம் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை இறங்கியது. இந்தப் பெயர்கள் எதையும் அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை. எல்லாம் மற்றவர்கள் வைத்தவை.

பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகும் திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் உளுந்தூர்பேட்டை வரும். அந்த வட்டாரத்தில்தான் கூவாகம் இருக்கிறது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். சித்திரை மாதத் திருவிழாவில் கூத்தாண்டவர் என்கிற அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்துவிட்டு அழுகிற சடங்கு ஊரறிந்தது. அந்த அரவானை வைத்து வந்த பெயர்தான் ‘அரவாணி’. 1990-களில் பத்திரிகைகளிலும் அரசு அலுவலகங்களிலும் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. கேலிச்சொற்களுக்குப் பதிலாக வந்த முதல் மரியாதைச்சொல் என்பதால் பலரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

நாளாக ஆக, அதிலும் ஒரு குறை தெரிந்தது. அரவானின் மனைவி என்று எல்லோரும் தன்னை நினைக்கிறார்களா? வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிறவர்களும் அந்தச் சமூகத்தில் உண்டு. கோயிலோடு சம்பந்தமில்லாமல் படித்து வேலைக்குப் போக நினைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை.

அப்போது வந்த சொல் ‘திருநங்கை’. மதுரையைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ், 2019-ல் பத்மஸ்ரீ பெற்றவர். இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவருடைய பெயரே முதலில் சொல்லப்படுகிறது. முதலமைச்சராக இருந்த மு.கருணாநிதி அதை அரசின் சொல்லாக்கினார். 2008 ஏப்ரல் 15-ல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தபோது அதன் பெயர் ‘அரவாணிகள் நல வாரியம்’. பிறகு அந்தப் பலகையிலும் ‘திருநங்கைகள்’ ஏறியது. ஒரு சமூகம் தனக்கான சொல்லைத் தேடித் தேடி மாற்றிக்கொண்டதற்கு அந்தப் பெயர்ப்பலகையே சாட்சி.

கதை அங்கேயும் முடியவில்லை. பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவருக்கு ‘நங்கை’ எப்படிப் பொருந்தும்? அவர்களுக்குத் ‘திருநம்பி’ வந்தது. இருவரையும் சேர்த்துச் சொல்லத் ‘திருநர்’ வந்தது. உடற்கூறிலேயே ஆண், பெண் என்று தெளிவாக வகுக்க முடியாமல் பிறக்கிறவர்களை ‘இடைபாலினத்தவர்’, ‘ஊடுபால்’ என்று சொல்கிறார்கள். அவர்கள் திருநங்கையும் இல்லை, திருநம்பியும் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லோரையும் ஒரே பெயரில் அடைப்பது, குன்னத்துக்காரரையும் செந்துறைக்காரரையும் “எல்லாம் திருச்சிப் பக்கம்தானே” என்று சொல்வதைப் போல.

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

சொல் மாறினால் போதுமா? விண்ணப்பப் படிவம் மாற வேண்டாமா?

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி காவல்துறை சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. பழைய சான்றிதழ்களில் இருந்த பெயரும் புதுப் பெயரும் ஒத்துப்போகவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போராடி, 2015-ல் சாதகமான தீர்ப்பு வாங்கி, 2017-ல் பணியில் சேர்ந்தார். ஒரு சதுரக் கட்டம் இல்லாததால் ஒரு பட்டதாரி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய வருஷம், 2014 ஏப்ரல் 15-ல், உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பைத் தந்திருந்தது. ஒருவர் தன்னை ஆணாகவோ, பெண்ணாகவோ, மூன்றாம் பாலினமாகவோ அடையாளப்படுத்திக்கொள்வது அவருடைய உரிமை. அதற்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு.

2019-ல் நாடாளுமன்றம் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து ‘திருநர்’ என்று அடையாளச் சான்றிதழ் பெறலாம் என்றது. 2020-ல் வந்த விதிகள், அதற்கு உறுதிமொழிப் பத்திரம் போதும், மருத்துவப் பரிசோதனை வேண்டாம் என்றன. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு முடிச்சு இருந்தது. ‘திருநர்’ என்று இல்லாமல் ‘பெண்’ என்றோ ‘ஆண்’ என்றோ சான்றிதழில் மாற்ற வேண்டுமானால், சிகிச்சைக்கான மருத்துவச் சான்று கேட்டது. “என்னைத் திருநங்கை என்று சொல்ல வேண்டாம், பெண் என்று மட்டும் சொல்லுங்கள்” என்கிற ஒருவருக்கு அது பெரிய சுவர். சமூக அமைப்புகள் அப்போதே இதை எதிர்த்தன.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோரோ காப்பாளரோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் இன்னொரு விதி. வீட்டில் புரிந்துகொள்ளாவிட்டால் பிள்ளைக்கு வழி அடைபட்டது என்று பொருள். விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கவும் முடியும்.

கல்யாணத்திலும் ஒரு சொல்தான் குறுக்கே நின்றது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் 2018-ல் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்யப் போனபோது மறுத்துவிட்டார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவாரா என்பதுதான் வழக்கு. அடங்குவார் என்று 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இடைபாலினக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, பால் மாற்றும் அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்பதும் அதே தீர்ப்பிலிருந்து வந்தது. அந்த வருஷமே தமிழக அரசு அதற்கு ஆணை பிறப்பித்தது. குழந்தை வளர்ந்து, தான் யார் என்று தானே சொல்லட்டும். அதற்குள் கத்தி வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பதே அதன் சாரம்.

சாதிக் கட்டமும் பாலினக் கட்டமும்

2015-ல் தமிழக அரசு திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. நல்லெண்ணம்தான். ஆனால் பாலினத்தைச் சாதிக் கட்டத்தில் வைத்ததால் குழப்பம் வந்தது. ஒருவர் தலித்தாகவும் இருப்பார், திருநங்கையாகவும் இருப்பார். அவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? ஒன்றை எடுத்தால் இன்னொன்று போகிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த கிரேஸ் பானு, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை. எல்லாச் சாதிப் பிரிவுக்குள்ளும் திருநர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று பல வருஷங்களாகப் போராடிவருகிறார். பாலினத்தைச் சாதியாகக் கருதியது தவறு என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

நகரப் பேருந்துகளிலும் இந்தக் கட்டம் கூடவே வருகிறது. 2021-ல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, திருநங்கைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும் முன் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், ஒருவர் யார் என்று இன்னொருவர் முடிவு செய்கிறார். “எங்கம்மா போகணும்?” என்று இயல்பாகக் கேட்டால் பயணம் சாதாரணமாகப் போகும். ஒரு சிரிப்போ கிண்டலோ விழுந்தால், அந்தப் பயணி அடுத்த தடவை காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறுவார். சலுகை காகிதத்தில் மட்டும் இருக்கும்.

கற்றுக்கொண்ட நீதிபதி

2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசினார். சமூகத்தைச் சேர்ந்தவர்களைச் சந்தித்தார். அதன் பிறகுதான் அந்த வருஷம் ஜூன் மாதம் உத்தரவு போட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இவர்களை எந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்று ஒரு சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’, ‘ஊடுபால்’ போன்ற சொற்கள் அதில் இடம்பெற்றன.

அதே வழக்கின் தாக்கத்தால் இன்னொன்றும் நடந்தது. ஒருவருடைய பாலின அடையாளத்தை ‘மாற்றிக் குணப்படுத்துகிறேன்’ என்று மருத்துவர் சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. பேயோட்டுகிறவரிடமும், மயக்க மாத்திரை கொடுக்கிறவரிடமும் பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். இது நோய் இல்லை. நோய் என்று சொல்லிப் பணம் வாங்குகிற மருத்துவர் விதியை மீறுகிறார்.

பெயர் வைத்துக்கொள்ள அவசரமில்லை

இத்தனை சொற்களையும் கேட்ட பிறகு பல பெற்றோருக்கு ஒரு பதற்றம் வரும். “சரி, எம் புள்ள இதுல எது?” பிள்ளைக்கும் அதே பதற்றம் உண்டு. செல்போனில் நூறு சொல் வந்து விழுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

இன்றைக்கே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பதினாறு வயதில் ஒரு சொல் பொருத்தமாகத் தெரியும். இருபத்திரண்டில் இன்னொன்று சரியாகப் படும். சிலருக்குத் ‘திருநங்கை’ என்பது பெருமை. மேடையில் அந்தப் பெயரிலேயே ஏறுவார்கள். சிலருக்கு ‘பெண்’ என்ற ஒரு சொல் போதும். சிலர் இரண்டுமே வேண்டாம், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்பார்கள். சொல் மாறியதால் முன்பு சொன்னது பொய் என்று ஆகிவிடாது.

வெளியிலிருந்து மட்டும் நெருக்கடி வருவதில்லை. வீட்டைவிட்டு வந்த பிள்ளையை ஏற்றுத் தாயாக நின்று காப்பாற்றுவது திருநங்கையர் குடும்ப முறை. அதன் அருமை பெரிது. ஆனால் அங்கேயும், புடவை கட்டினால்தான், அறுவை சிகிச்சை செய்தால்தான் அசல் என்று சிலர் சொல்வதுண்டு. யாருடைய அளவுகோலுக்கும் பயந்து உடம்பில் கை வைக்கக் கூடாது. சிகிச்சை வேண்டும் என்று தானே தீர்மானித்தால், தமிழகத்தில் அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகச் செய்கிறார்கள். போலி ஆட்களிடம் போய் உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் தவிர ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் தமிழ்நாட்டில் 22,364 பேர். வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம் அப்பாவோ அம்மாவோதான் பதில் சொல்லியிருப்பார்கள். எத்தனை வீட்டில் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருப்பார்கள்?

டா, டி, கண்ணு

வீட்டில் பாலினம் இருப்பது சான்றிதழில் இல்லை, கூப்பிடுகிற விதத்தில். “சாப்பிட்டியாடா?” “எங்கடி போற?” அந்த ஓரெழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக ‘டா’ போட்ட அம்மாவின் வாயில் ‘டி’ வருவதற்கு நாளாகும். நாக்கு பழையபடியே புரளும். பிள்ளைகளும் அதைப் புரிந்துகொள்வார்கள். தவறிச் சொல்வதற்கும் வேண்டுமென்றே சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அதுவரைக்கும் இந்த இரண்டு மாவட்டத்து வீடுகளிலும் புழங்குகிற சொற்களே கைகொடுக்கும். கண்ணு, சாமி, தங்கம், பிள்ள. இவற்றில் எதற்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. வெளியாட்களுக்கு இருக்கவே இருக்கிறது ‘அவங்க’, ‘வாங்க’, ‘சொல்லுங்க’. யாரிடம் சொன்னாலும் தப்பாகாத சொற்கள்.

அதற்கு மேல் தெரிய வேண்டுமானால் நேராகவே கேட்கலாம். “உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?” சோறு போட்டுக்கொண்டே, சாதாரணமாக, ஊர் கூட்டாமல் கேட்க வேண்டிய கேள்வி. பதில் உடனே வராமல் போகலாம். “தெரியலம்மா” என்று வரலாம். அதுவும் பதில்தான். கேட்ட வீடு என்று ஒன்று இருக்கிறது என்பது தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளை ராத்திரி பஸ் ஏறி ஊரைவிட்டுப் போக வேண்டிய அவசியம் வராது.